மேற்கோள் எண்ணும் தளம்: நான்கு வருட அனுபவம்

என் ஆய்வுக் கட்டுரைகளை யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று பார்க்க இந்த இலவசத் தளத்தில் நான்கு வருடமாகக் கணக்கு வைத்திருக்கிறேன். எச்-இண்டெக்ஸ் உடனே தெரியும். ஒரு ஆய்வாளரின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைக் காட்ட 2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த அளவு அது. எனக்கு 9, அதாவது தலா 9 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் ஒன்பது. அவற்றில் ஒன்று 200 தடவை மேற்கோள் காட்டப்பட்டது, ஆனாலும் இந்தக் கணக்கில் அதற்குத் தனி மதிப்பில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

போன வருடம் என் பெயர் கொண்ட வேறொருவரின் கட்டுரைகள் என் பக்கத்தில் ஏறி, எச்-இண்டெக்ஸ் 11 ஆகிவிட்டது. ஒவ்வொன்றாக நீக்கினேன். அப்புறம் தானாகச் சேர்க்கும் வசதியையும் அணைத்துவிட்டேன். புதிதாகச் சேருபவர்கள் முதல் நாளே அதைச் செய்துவிடுங்கள்.

மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலைத் திறந்து படிப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. என் ஆய்வு முறையில் இருந்த பிழையை ஒரு மாணவி திருத்தியிருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.