வேலூரிலிருந்து கிளம்பும்போது எந்த மேப்பைத் திறப்பது?

காட்பாடியில் குடியிருந்துகொண்டு, ஏழு ஆண்டுகளாகத் திருவண்ணாமலை, ஆம்பூர், ஏலகிரி என்று சொந்தக் காரில் போய்வருகிறேன். இப்போது என் கைபேசியில் கூகுள் மேப்ஸ், மேப்பிள்ஸ், ஆர்கானிக் மேப்ஸ் ஆகிய மூன்று செயலிகள் இருக்கின்றன. எது நல்லது என்று கேட்பவர்களிடம், எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

சாலையில் செல்வோரின் கைபேசிகள் நகரும் வேகத்தைக் கொண்டுதான் கூகுள் நெரிசலைக் கணிக்கிறது. ஆகவே ஆள்நடமாட்டம் மிகுந்த இடங்களில் அதன் நேரக் கணக்கு பெரும்பாலும் பொய்ப்பதில்லை. மாலையில் காட்பாடி ரயில்வே மேம்பாலம் சிவப்பாகத் தெரிந்தால், வேறு வழி தேடாமல் ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்புகிறேன். பாலாற்றைத் தாண்டி வேலூருக்குள் போக நமக்கிருக்கும் பாலங்கள் அவ்வளவுதான்.

என்னைப் படுத்தியதெல்லாம் அமைப்புகளில் நானே செய்த கவனக்குறைவுதான். ஒருமுறை சுங்கச்சாவடிகளைத் தவிர்க்கும் வசதியைப் போட்டுவிட்டு, எடுக்க மறந்துவிட்டேன். அடுத்த வாரம் ஆம்பூருக்குக் கிளம்பியபோது, பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தவிர்ப்பதற்காகச் செயலி என்னைக் கே.வி.குப்பம், குடியாத்தம் வழியாக அனுப்பியது. மிச்சமான கட்டணத்தைவிடப் பெட்ரோலுக்கே அதிகம் போயிருக்கும். மற்றொரு நாள், மகன் தன் வண்டிக்காகத் தேர்ந்தெடுத்திருந்த இருசக்கர வாகன முறை அப்படியே இருந்ததைக் கவனிக்காமல், கண்ணமங்கலம் தாண்டி ஒரு குறுக்குவழியில் திரும்பி, மழைக்கு நொதநொதத்துக் கிடந்த ஏரிக்கரையில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மாடு ஓட்டிவந்த பெரியவர், "மேப்பு பாத்து வந்தியா சாமி? இதுல காரு போவாது, அப்டியே பின்னாலயே எடு" என்று சொல்லிவிட்டு, தார்ச்சாலை வரும்வரை கூடவே நடந்துவந்தார். 2017 டிசம்பரில் இந்தியாவில் கூகுள் அறிமுகப்படுத்திய அந்த முறை பைக்குக்கு மிகவும் பயனுள்ளது. காரில் ஏறியதும் கார் படத்தைத் தொட்டுவிட வேண்டும், அவ்வளவே.

வேலூரின் கிரீன் சர்க்கிள் சந்திப்பு அருகே எந்தச் செயலியையும் நான் முழுதாக நம்புவதில்லை. மேலே தேசிய நெடுஞ்சாலை, கீழே சர்வீஸ் ரோடு என்று இரண்டும் ஒட்டியே செல்வதால், நாம் எதில் இருக்கிறோம் என்பது ஜி.பி.எஸ்ஸுக்குச் சில வேளைகளில் பிடிபடுவதில்லை. அங்கே குரலைக் கேட்பதைவிடப் பச்சைப் பலகையைப் படிப்பதே மேல்.

வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகக் காவலூர் வானாய்வகத்தைப் பார்க்கப் போனபோதுதான் ஆர்கானிக் மேப்ஸின் அருமை புரிந்தது. ஜவ்வாது மலையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வந்தது. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்திருந்ததால் வளைவுகள் திரையில் தெரிந்துகொண்டே இருந்தன. தன்னார்வலர்கள் வரையும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் அதற்கு அடிப்படை என்பதால், சிற்றூர்த் தெருக்கள் சில இடங்களில் நுணுக்கமாகவும் சில இடங்களில் வெறுமையாகவும் இருக்கின்றன. நெரிசல் விவரம் கிடைக்காது. கூகுளிலும் ஒரு பகுதியை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளலாம், ஆனால் அது சில காலத்தில் காலாவதியாகிவிடும் என்பதால் பயணத்துக்கு முந்தைய இரவு வைஃபையில் புதுப்பித்துக்கொள்கிறேன். மேப்பிள்ஸை இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.