தீபத்துக்குத் திருவண்ணாமலை: லாட்ஜா, ஆசிரமமா, ரிசார்ட்டா?

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையில் அறை தேடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு ஆசைகளை ஒரே புக்கிங்கில் முடிக்கப் பார்க்கிறார்கள். மாலை 6 மணிக்கு 2,668 அடி உயர மலையுச்சியில் ஜோதி ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். கூடவே இரண்டு நாள் அக்கடா என்று ஓய்வெடுக்கவும் வேண்டும். தீபத்தன்று இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. எது முக்கியம் என்று முதலில் தீர்மானியுங்கள். வாடகை, நீச்சல்குளம், மூலிகை மசாஜ் எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் ஊரின் அமைப்பு. கோயில் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. ராஜகோபுரத்திலிருந்து கிளம்பும் 14 கிலோமீட்டர் கிரிவலம் மலையை வலக்கைப் பக்கம் வைத்து அக்னி லிங்கம், ரமணாசிரமம், எம லிங்கம் என்று செங்கம் சாலையிலேயே கொஞ்ச தூரம் போய், பிறகு வலப்பக்கம் திரும்பி அடி அண்ணாமலை, குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம் வழியாக ஊருக்குள் வருகிறது. ஆசிரமங்களும் ரிசார்ட்களும் அதிகம் இருப்பது இந்தச் செங்கம் சாலைப் பக்கம்தான். அதாவது, விளம்பரத்தில் 'அமைதியான சூழல்' என்று வரும் இடங்களில் பல, தீபத்தன்று லட்சக்கணக்கானவர்கள் நடக்கும் பாதையின் மேலேயே இருக்கின்றன. அந்தத் திருப்பத்துக்கு முன்னால் இருக்கிறதா, அதைத் தாண்டி செங்கம் பக்கம் இருக்கிறதா என்பதுதான் ஒரு ரிசார்ட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

மாட வீதியை ஒட்டிய லாட்ஜ்களின் பலம் தூரம். அதிகாலை 4 மணிக்குக் கோயிலுக்குள் ஏற்றும் பரணி தீபத்துக்கு நடந்தே போகலாம். மாலையில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்கள் மட்டும் வெளியே வந்து காட்சி தருவதற்கும் அப்படித்தான். ஆனால் பக்கத்தில் தங்குவதால் உள்ளே போய்விட முடியாது. இந்த இரண்டு நேரத்திலும் அனுமதி குறைந்த எண்ணிக்கையிலான டிக்கெட், பாஸ் வைத்திருப்பவர்களுக்குத்தான். அது இல்லாதவர்களுக்கு லாட்ஜின் லாபம் மொட்டைமாடி மட்டுமே. அதையும் விருந்தினருக்குத் திறந்துவிடுவார்களா, அன்றைக்குத் தனிக் கட்டணமா என்று முன்பே கேட்க வேண்டும். ஓய்வு என்ற சொல்லை இங்கே மறந்துவிடலாம்: ஒலிபெருக்கி, போலீஸ் விசில், இரவு முழுக்கக் கூட்டம். தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டத்தன்று தேர் போகும் வீதிகளில் மின்சாரத்தையும் நிறுத்துவார்கள்.

ஆசிரமங்கள் வேறு ரகம். ரமணாசிரமத்தில் அறைக்கு வாடகை கிடையாது. விரும்பியதை நன்கொடையாகக் கொடுக்கலாம். வெகு முன்பே மின்னஞ்சலில் எழுதிக் கேட்க வேண்டும், தீப நாளுக்கு இடம் கிடைப்பது அபூர்வம். காலை உணவு 7 மணி, மதியம் 11.30, இரவு 7.30 என்று நாள் மணியடித்தாற்போல் நகரும். தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பாடு. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். உச்சியில் ஜோதி தெரிந்ததும் ஆசிரமத்திலும் தீபம் ஏற்றித் துதி பாடுவார்கள். வெறுமனே உட்கார்ந்து அதைப் பார்ப்பதே போதும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. அறை சேவையும் தனிமையும் எதிர்பார்ப்பவர்கள் இங்கே இடம் கேட்காமல் இருப்பது மற்றவர்களுக்குச் செய்யும் உதவி. பக்கத்திலுள்ள சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமத்திலும் அறைகள் உண்டு.

இனி ரிசார்ட். 'ஆன்மிக ரிசார்ட்' என்ற பலகை எதற்கும் உத்தரவாதம் இல்லை. சில இடங்களில் சைவச் சமையல், தியான மண்டபம், காலை யோகா, வளாகத்துக்குள் சின்னச் சந்நிதி எல்லாம் உண்மையிலேயே இருக்கும். சில இடங்களில் வரவேற்பறையில் ஒரு நடராஜர் சிலையும் ஊதுபத்தி வாசனையுமாக முடிந்துவிடும். சமையலறை முழுக்கச் சைவமா, வளாகத்துக்குள் மது உண்டா, தீபத்தன்று புல்வெளியில் கச்சேரி, மைக் ஏதும் வைக்கிறார்களா என்று நேரடியாகக் கேட்டாலே தரம் தெரிந்துவிடும்.

'மலை தெரியும் அறை' என்பதற்குக் கூடுதல் பணம் வாங்குவார்கள். மலை தெரிவது வேறு, தீபம் ஏற்றும் உச்சி தெரிவது வேறு. அடிவாரத்தை ஒட்டிய சில இடங்களில் முன்னால் இருக்கும் சரிவே உச்சியை மறைத்துவிடும்; இல்லாவிட்டால் தென்னையோ பக்கத்துக் கட்டடமோ மறைக்கும். அந்த அறையின் பால்கனியில் நின்று எடுத்த போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். உச்சி தெரிகிற புல்வெளியோ மாடியோ பொதுவாக இருந்தால், அந்தக் கூடுதல் பணம் வீண். மாலை 6 மணிக்கு வளாக விளக்குகளை அணைப்பார்களா என்றும் கேட்டுவையுங்கள்.

மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் கீசர் ஓடுமா என்பது ஏசியைவிட முக்கியம். கார்த்திகை என்பது வடகிழக்குப் பருவமழை. நனைந்துகொண்டே நடந்து வந்தவருக்குத் தேவை வெந்நீர். சாப்பாட்டு விஷயத்தில் சறுக்குவது இன்னொரு காரணத்தால்: சாலைகளை மூடியதும் பால், காய்கறி வண்டிகளும் உள்ளூர் ஊழியர்களும் வந்து சேர முடியாது. முந்தின இரவே சரக்கு வாங்கி, ஆட்களை உள்ளேயே தங்கவைத்த ரிசார்ட்டில் பிரச்சினை இல்லை. மற்ற இடங்களில் பஃபே என்பது சாம்பார் சாதம், தயிர் சாதமாகச் சுருங்கும். பகல் முழுக்க விரதம் இருப்பவர்கள் ஜோதியைப் பார்த்ததும் சாப்பிடுவார்கள். ரிசார்ட்டில் இரவு உணவு அதற்குப் பிறகு வெகு நேரம் கழித்துத்தான் தொடங்கும். 6.15-க்கு அடையோ இட்லியோ கிடைக்குமா என்று காலையிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

பேக்கேஜில் மலையேற்றம் என்று போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து 7 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை, 2025-லும் இல்லை. அனுமதி கொடுப்பது மாவட்ட நிர்வாகம். ரிசார்ட் மேலாளரின் வாக்குறுதிக்கு இதில் மதிப்பில்லை.

ஊருக்கு வெளியே சாத்தனூர், செஞ்சி பக்கம் தங்குவது மலிவு. தீபத்தன்று மட்டும் வேண்டாம். வேட்டவலம், திருக்கோவிலூர், அவலூர்பேட்டை, செங்கம், வேலூர், காஞ்சி என எல்லாச் சாலைகளிலும் ஊர் எல்லையில் தற்காலிகப் பேருந்து நிலையம் போட்டு வண்டிகளை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஜோதி பார்த்த பிறகு காரைத் தேடி, எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பும் நெரிசலில் அறைக்குத் திரும்ப நள்ளிரவாகும்.

ரிசார்ட்டுக்கு வருபவர்களுக்கும் இதே தடுப்புதான் கழுத்தைப் பிடிக்கும். பகல் 2 மணி செக்-இன் என்று தீபத்தன்றே கிளம்பி வந்தால் வாசல் வரை வண்டி வராது. முந்தின நாள் மதியத்துக்குள் உள்ளே இருக்க வேண்டும். திண்டிவனம், செஞ்சி வழியாக வரும் சென்னைக்காரர்கள் ஊரின் கிழக்கே நுழைகிறார்கள்; ரிசார்ட் மேற்கே, செங்கம் சாலையில். ஊருக்குள் புகாமல் புறவழிச் சாலையில் சுற்றி வாருங்கள். பெங்களூரிலிருந்து ஊத்தங்கரை, செங்கம் வழியாக வருபவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

உண்மையில் ஓய்வுதான் நோக்கம் என்றால் எங்கள் சிபாரிசு ரிசார்ட்தான், ஆனால் தீபத்தன்று வேண்டாம். மகாதீபம் 11 நாள் எரியும். முதல் இரண்டு மூன்று நாள் பௌர்ணமிக் கூட்டமும் ஐயங்குளம் தெப்பத் திருவிழாவும் இருக்கும். நான்காம் நாளிலிருந்து சாலை திறந்து, வாடகை இறங்கி, கோயில் வரிசையும் குறையும்; உச்சியில் தினமும் மாலையில் அதே கொப்பரையில்தான் ஜோதி. தீபத்தன்று மேகம் மூடிவிட்டால் செம்மஞ்சள் மங்கலைத் தவிர எதுவும் தெரியாது. பின்னால் வருபவர்களுக்கு அடுத்த மாலையும் மிச்சம். ஜோதி ஏறும் அந்த ஒரு கணத்தை மட்டும் இவர்கள் இழக்கிறார்கள். அது பெரிய இழப்பு என்று நினைப்பவர்கள் லாட்ஜுக்கோ ஆசிரமத்துக்கோ போவதே சரி.

கிரிவலத்தை ரிசார்ட் வாசலில் தொடங்கி அங்கேயே முடிக்கலாம். ராஜகோபுரத்தில்தான் தொடங்க வேண்டும் என்று அலைய வேண்டாம். சாதாரண நாளில் 4 முதல் 5 மணி நேரம், தீபத்தன்று இரவு இன்னும் கூட. முடித்த கையோடு எண்ணெய் மசாஜுக்குப் போகாதீர்கள். வெறுங்காலில் நடந்த பாதத்தில் கொப்புளமோ சிராய்ப்போ இருந்தால் அழுத்தித் தேய்ப்பது புண்ணாக்கும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் 15 நிமிடம் காலை வைத்துவிட்டுத் தூங்குங்கள். மசாஜை மறுநாள் காலை, சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம்.

பணத்தில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி., அதைத் தாண்டினால் 18. 7,400 ரூபாய் அறை 7,770-ல் முடியும். 7,600 ரூபாய் அறை 8,968 ஆகும். பண்டிகை விலையில் இந்தக் கோட்டைக் கொஞ்சம் தாண்டும் அறையைத் தவிர்த்து அடுத்த கீழ்ரகத்தை எடுங்கள். தீப நாள் புக்கிங்குக்கு இரண்டு இரவு கட்டாயம், ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற நிபந்தனைகளும் வரும். மழையால் சாலை அடைபட்டால் தேதி மாற்றித் தருவார்களா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.