இருட்டில் உதவாத டயல்: சப்மரைனர் 16610, நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

1990 வாக்கில் வந்த ரோலெக்ஸ் சப்மரைனர் 16610 ஒன்றை சர்வீஸுக்குக் கொடுக்கப்போகும் நண்பர் கேட்டார்: "ராத்திரியில் முள்ளே தெரியலை. புது டயல் போட்டுடலாமா?" போடாதீர்கள் என்பதுதான் பதில். ஆனால் அதைச் சொல்லும்போதே எரிச்சலும் சேர்ந்து வருகிறது. கடலுக்கடியில் மங்கிய வெளிச்சத்தில் நேரம் பார்க்கவென்றே பிறந்த கடிகாரம் இது. நீர்மூழ்குவோர் கடிகாரங்களுக்கான ஐஎஸ்ஓ 6425 தரம், கும்மிருட்டில் 25 செ.மீ. தொலைவிலிருந்து நேரம் தெரியவேண்டும் என்கிறது. இன்று இந்த டயலை மூக்குக்கு நேரே பிடித்தாலும் தெரியாது. அப்படியிருந்தும் மாற்றக்கூடாது!

40 மி.மீ. கேஸ், 3135 இயந்திரம், 300 மீட்டர் ஆழத் தாங்குதிறன் என்பதெல்லாம் ஊருக்கே தெரிந்தவை, விட்டுவிடலாம். 16610-இன் தனிச்சிறப்பு வேறு. 1980-களின் கடைசியிலிருந்து 2010 வரை ஓடிய இந்த ஒரே மாடலுக்குள் மூன்று வகை ஒளிப்பூச்சுகள் வந்துபோயின. 6 மணிக் குறிக்குக் கீழே, டயலின் விளிம்பில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தால் போதும். 'ஸ்விஸ் – டி<25' என்றிருந்தால் டிரிடியம், அதாவது தானே கதிர்வீசும் ஹைட்ரஜன் வகை. கதிர்வீச்சு 25 மில்லிகியூரிக்குக் குறைவு என்று பொருள் (மில்லிகியூரி அதை அளக்கும் அலகு). வெறும் 'ஸ்விஸ்' என்றால் கதிர்வீச்சில்லாத லூமிநோவா. 1998, 1999 வாக்கில் கொஞ்ச காலமே வந்தது. 'ஸ்விஸ் மேட்' என்றால் அதற்குப் பிந்தைய சூப்பர்-லூமிநோவா. ஒரு குழப்பம் உண்டு: 1950-களின் ரேடியம் டயல்களிலும் வெறும் 'ஸ்விஸ்' மட்டும்தான் இருக்கும். ஒரே சொல், நாற்பது ஆண்டு இடைவெளியில், நேரெதிரான இரண்டு பொருள்களுக்கு.

ரேடியம் என்றதும் நம் ஊரில் பைக் நம்பர் பிளேட்டுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடைதான் நினைவுக்கு வரும். அந்த ஸ்டிக்கரில் ரேடியம் துளியும் கிடையாது. பழைய கடிகாரங்களில் நிஜமாகவே இருந்தது. ரேடியம் உப்பைத் துத்தநாக சல்பைடோடும் பசையோடும் குழைத்துப் பூசுவார்கள். ரேடியத்தின் ஆல்ஃபா துகள் இடிக்க இடிக்கத் துத்தநாக சல்பைடு ஒளிரும். அதே இடிதான் அந்தப் படிகத்தைச் சில ஆண்டுகளிலேயே சிதைத்தும்விடும். ஒளி செத்துப்போகும், ரேடியம் போகாது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி தேய ஆகும் காலம், 1600 ஆண்டு. ஆகவே ஒளிராத ரேடியம் டயலை 'காலாவதியானது, இனி பயமில்லை' என்று நினைப்பது பெரிய தப்பு. அமெரிக்காவில் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கி டயல் எழுதிய பெண்களுக்குத் தாடை எலும்பே அழுகிப்போன கதையும், அவர்களில் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஐவர் தொடுத்த வழக்கு 1928-இல் சமரசத்தில் முடிந்ததும் ஊரறிந்தவை. ரோலெக்ஸிலேயே ஜிஎம்டி-மாஸ்டர் 6542-இன் பேக்கலைட் பெசலின், அதாவது கண்ணாடியைச் சுற்றியுள்ள சுழல் வளையத்தின், எண்களில் ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிர்வீசும் பொருள் இருந்ததால் அமெரிக்காவில் அவற்றைத் திரும்ப வாங்கவேண்டி வந்தது. 1960-களின் தொடக்கத்தில் ரேடியம் விலகி டிரிடியம் வந்தது. அதன் பீட்டா துகளுக்கு வலு குறைவு, கண்ணாடியைத் தாண்டாது.

டிரிடியத்தின் கணக்கு நம் பழைய வாய்ப்பாட்டுக்கு அச்சாகப் பொருந்துகிறது. அரை ஆயுள் 12.3 ஆண்டு. 1990-இல் பூசியது 2002-இல் அரை, 2015-ஐ ஒட்டிக் கால், 2027-இல் அரைக்கால் (1/8), 2039-இல் மாகாணி (1/16). போதாக்குறைக்குத் துத்தநாக சல்பைடும் தேய்ந்துவிடுவதால், கண்ணுக்குத் தெரியும் ஒளி இந்தக் கணக்கைவிடவும் குறைவு. பதினைந்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்து கண் பழகினால், குறிகள் இருக்கும் இடத்தில் ஏதோ சாம்பல் மூட்டமாகத் தெரியும். 12 மணி முக்கோணம் எது, 6 மணிக் கட்டை எது என்று சொல்லலாம். நேரம் சொல்ல முடியாது.

நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும். புதிதாக இருந்தபோது டிரிடியம் செய்த வேலையை இன்றைய பூச்சு அப்படியே செய்வதில்லை. டிரிடியத்துக்கு விளக்கு காட்டவே வேண்டாம். இரவு பத்து மணிக்கு இருந்த ஒளி விடியற்காலை நாலு மணிக்கும் இருக்கும். ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் 1993-இல் உருவாக்கிய லூமிநோவா வேறு ஜாதி. யூரோப்பியமும் டிஸ்புரோசியமும் சேர்த்த ஸ்ட்ரான்சியம் அலுமினேட். கதிர்வீச்சு இல்லை, வாங்கிய வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். முதல் அரைமணி நேரம் பச்சையாகப் பிரமாதமாக எரியும், பிறகு சரசரவென்று இறங்கும், விடியும்போது கண் பழகியிருந்தால் மட்டும் படிக்கலாம். மறுநாள் வெளிச்சம் காட்டினால் மறுபடி அதே ஆட்டம், வருஷக்கணக்காக. நனையாமல் இருந்தால் போதும். ஈரம் பட்டால் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் கெட்டுவிடும்.

அப்படியானால் டிரிடியம் டயலில் என்னதான் இருக்கிறது? நிறம். பளபளக்கும் கறுப்பு டயல், வெள்ளைத் தங்க வளையம், அதற்குள் பாலேடு நிறத்துக்கு மாறிய குறி. பூச்சில் கலந்த பசை மூப்படைவதால் வரும் நிறம் இது. 1680 போன்ற பழைய சப்மரைனர்களின் பளபளக்காத மேட் டயல்களில் பரங்கிப்பழ நிறம் வரை போனவை உண்டு. 16610-இல் பெரும்பாலும் லேசான பாலேடோடு நின்றுவிடும். அந்த அடக்கம்தான் அழகு. பகல் பன்னிரண்டு மணி வெயிலில் இதைப் பார்த்தால் இரவு மூன்று மணி எரிச்சல் கொஞ்சம் தணியும். லூமிநோவா டயலுக்கு இது வாய்க்காது, வெள்ளையாகவே கிழடு தட்டும்.

இந்த நிறத்துக்கு விலை கூடியதும் தேநீர்த் தண்ணீரும் காப்பித் தண்ணீரும் டயலுக்கு வந்துவிட்டன. பாலேடு நிறத்திலேயே தயாரான சூப்பர்-லூமிநோவாவும் கிடைக்கிறது. போலியைக் கண்டுபிடிக்க 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் போதும். பத்து விநாடி காட்டி அணையுங்கள். மூத்த டிரிடியம் டார்ச் படும்போது ஒளிர்ந்து, அணைத்த சில விநாடிகளில் அவிந்துவிடும். பச்சையாக நின்று எரிந்தால் அது பின்னால் பூசியது, நிறம் எப்படி இருந்தாலும் சரி. முள், டயல், பெசலில் 12 மணிக்கு இருக்கும் முத்து என்ற ஒளிப்புள்ளி, மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். முத்து கழன்று விழுந்து மாற்றப்படுவது சகஜம். அதற்காக விலை பேசலாமே தவிரச் சண்டை போடவேண்டாம். முள்ளின் நிறம் டயலைவிடச் சற்று வேறாக இருப்பதும் இயல்புதான், இரண்டும் தனித்தனியாகப் பூசியவை. ஆனால் முள் விடாமல் எரிந்து டயல் உடனே அணைந்தால் முள் மாற்றியது. 1992 கடிகாரத்தில் 'ஸ்விஸ் மேட்' என்றிருந்தால் அது சர்வீஸில் போட்ட டயல். 10 மடங்கு லென்ஸில் குறியின் ஓரம் வளையத்துக்கு மேல் வழிந்திருந்தாலோ பரப்பு மணல் மணலாக இருந்தாலோ சந்தேகப்படுங்கள். கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவி இங்கே வேலைக்காகாது. கண்ணாடிக்கு வெளியே டிரிடியத்தைக் காட்டாது. ரேடியத்தைக் காட்டிவிடும், அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது சர்வீஸ். ஆபத்து டயலைவிட முள்ளில் அதிகம். முள்ளில் பூச்சுக்கு அடித்தளம் கிடையாது. சட்டத்துக்கு நடுவே தொங்குகிறது. மணி முள்ளின் வட்டத்தில் குறுக்குக் கம்பி இருப்பதால் ஓரளவு தாங்கும். நிமிட முள்ளின் நீண்ட பள்ளத்தில்தான் விரிசல் தொடங்கும். கழற்றும்போது நெம்புகோல் முள்ளை ஒரு இழை வளைத்தாலும் பூச்சு பொலபொலவென்று உதிரும். அந்தத் துகள் எண்ணெயில் கலந்து இயந்திரத்துக்குள் போனால் பல்சக்கரத் தண்டுகளைத் தேய்க்கும். கழற்றிய பிறகு முள்ளின் பின்புறத்தில் மெல்லிய வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்து, நன்றாக உலரவிட்டுத் திரும்பப் பொருத்தலாம். முன்புறம் தொடக்கூடாது. ஏற்கெனவே விரிசல் இருந்தால் கழற்றும் முன்பே இதைச் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். ரேடியம் கடிகாரமாக இருந்தால் வீட்டில் திறக்கவே வேண்டாம். சுரண்டுவது, ஊதுவது இரண்டும் விஷம்.

அதிகாரபூர்வ சர்வீஸ் மையங்கள் பலவற்றில், எதுவும் சொல்லாவிட்டால், டிரிடியம் டயலையும் முள்ளையும் கழற்றிப் புதியது போட்டுவிடுவார்கள். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு: அவர்களுக்கு இது கருவி, கருவி வேலை செய்யவேண்டும். ஆனால் கழற்றிய டயல் பல நேரம் திரும்பி வராது, அதோடு விலையில் கணிசமான பகுதியும் போய்விடும். ஆகவே ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்: டயல் மாற்றவேண்டாம், முள் மாற்றவேண்டாம், முத்து மாற்றவேண்டாம், கேஸ் பாலிஷ் வேண்டாம். ரப்பர் வாஷர்கள் அனைத்தும் புதியது, அழுத்தச் சோதனை கட்டாயம். ஈரம் உள்ளே போன டிரிடியம் கறுத்துப் பூசணம் பிடித்ததுபோல் ஆகிவிடும், அதற்கு மருந்தே இல்லை. நிறம் ஏறட்டும் என்று ஜன்னல் வெயிலில் காயப்போடும் பழக்கமும் சிலருக்கு உண்டு, பெசல்தான் வெளுக்கும்.

புதிதாக வாங்குவோருக்கு என் பரிந்துரை 2000-க்குப் பிந்தைய 'ஸ்விஸ் மேட்' 16610. ராத்திரி தெரியும், முள் உதிராது, சர்வீஸில் யாரோடும் வாதாட வேண்டியதில்லை. டிரிடியம் டயலுக்குக் கூடுதல் காசு கொடுப்பது அணைந்த விளக்குக்கு மின்கட்டணம் கட்டுவதைப் போன்றது. நண்பருக்கு மட்டும் வேறு பதில்: எண்ணெய் போட்டு, வாஷர் மாற்றி, அந்த டயலை அப்படியே கட்டிக்கொள்ளுங்கள். விற்கும் எண்ணம் வந்தால் முதலில் இங்கே சொல்லுங்கள்.