மலைமேல் தடுப்பூசிக்கு எந்தப் பெட்டி: ஐஎல்ஆரா, சோலாரா?

எங்கள் மாவட்டத்தில் மலைமேல் நான்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள். நான்கிலும் தடுப்பூசி வைக்கும் பெட்டிகளுக்கு வயதாகிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை. இரண்டு முன்மொழிவுகள் மேசைக்கு வந்தன. ஒன்று, கரண்டில் ஓடும் புதிய ஐஎல்ஆர், கூடவே ஒரு ஸ்டெபிலைசர். இன்னொன்று, பேட்டரி இல்லாமல் நேரடியாக வெயிலில் ஓடும் சோலார் பெட்டி. சோலார் கோப்பு வழவழப்பான தாளில் வண்ணப் படங்களோடு இருந்தது. ஐஎல்ஆர் கோப்பு ஒன்றரைப் பக்கம், அதுவும் மங்கலான ஜெராக்ஸ். மதிப்பீட்டுக் குழுவில் என்னையும் போட்டிருந்தார்கள். கடைசியில் மூன்று இடத்துக்கு ஐஎல்ஆர், ஒரே ஓர் இடத்துக்கு சோலார் என்று எழுதிக் கொடுத்தோம்.

மூன்று வருடம் ஓடிவிட்டது. இப்போது பக்கத்து மாவட்டங்களிலிருந்து இதே கேள்வியோடு ஃபோன் வருகிறது. ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசுவதை விட எழுதியே வைத்துவிடலாம் என்றுதான் இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஐஎல்ஆர் பக்கம்.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐஎல்ஆர் என்பது ஐஸ் லைன்ட் ரெஃப்ரிஜரேட்டர், மேல்பக்கம் திறக்கும் பெட்டி, ஐஸ்கிரீம் கடைப் பெட்டி மாதிரி இருக்கும். உட்சுவரைச் சுற்றி நீர் நிரம்பிய அறைகள். கரண்ட் இருக்கும்போது அது உறைந்து கொள்ளும், போனதும் அந்தப் பனிக்கட்டிதான் பெட்டியைக் காப்பாற்றும். ஒரு நாளில் 8 மணி நேரம் கரண்ட் கிடைத்தால் போதும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. சோலார் பெட்டியிலும் அதே பனிக்கட்டித் தந்திரம்தான். கரண்ட்டுக்குப் பதில் கூரையில் இருக்கும் பேனல் கம்ப்ரசரை ஓட்டுகிறது. வெயிலே இல்லாவிட்டாலும் குறைந்தது 3 நாள் தாங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிபந்தனை. பழைய சோலார் பெட்டிகள் பேட்டரியில் ஓடின. சில வருடங்களில் பேட்டரி செத்துப்போகும், புதிது வாங்கப் பணம் இருக்காது, பெட்டி மூலைக்குப் போய்விடும். அந்தத் தலைவலியை ஒழிக்கத்தான் இந்த நேரடி வகை வந்தது. நல்ல யோசனைதான், மறுக்கவில்லை.

குளிர்விப்பதில் இரண்டுக்கும் சண்டை இல்லை. இரண்டும் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கும். இரண்டிலும் தடுப்பூசி உறைந்து போகாமல் பார்த்துக் கொள்ளும் மாடல்கள் உண்டு. இது சின்ன விஷயம் இல்லை. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மைனஸ் அரை டிகிரியிலேயே உறைந்துவிடும், உறைந்தால் குப்பைக்குத்தான். சூடு பட்டால் குப்பியின் மேல் இருக்கும் லேபிள் நிறம் மாறிக் காட்டிக் கொடுக்கும். குளிரில் கெட்டதை எந்த லேபிளும் சொல்லாது. வீட்டு ஃப்ரிட்ஜ் வாங்கினால் கால்வாசி விலையில் முடியுமே என்று ஒருவர் கேட்டார். கரண்ட் போனால் சில மணி நேரம்கூடத் தாங்காது என்று சொல்லி அடுத்ததுக்குப் போனோம்.

விலையிலும் அதிகம் நிற்க வேண்டியதில்லை. பேனல், ஸ்டாண்டு, கேபிள், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்தால் எங்களுக்கு வந்த சோலார் விலைப்புள்ளி ஐஎல்ஆரின் இரண்டு மடங்கைத் தாண்டியது. மின்கட்டணம் மிச்சமாகும் என்று கோப்பில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். சின்ன ஐஎல்ஆர் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு யூனிட்தான் இழுக்கும். அந்த மிச்சத்தில் பேனல் விலையை எடுக்க வேண்டுமென்றால் குழுவில் இருந்த நாங்கள் எல்லோரும் ரிட்டயர் ஆகி, எங்களுக்குப் பின்னால் வருபவர்களும் ரிட்டயர் ஆக வேண்டும்.

அடுத்தது கரண்ட். மலை என்றாலே கரண்ட் இருக்காது என்று எல்லோரும் பேசினார்கள். யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை. பெட்டிக்குள் இருக்கும் வெப்பநிலைப் பதிவுக் கருவியையும், மருந்தாளுநர் காலை மாலை எழுதும் நோட்டையும் கொண்டு வரச் சொன்னோம். கூடவே ஒரு மாதத்துக்கு, கரண்ட் போன நேரம், வந்த நேரம் இரண்டையும் எழுதச் சொன்னோம். மூன்று இடத்தில் தினமும் 8 மணி நேரத்துக்கு வெகு அதிகமாகவே இருந்தது. போவது அடிக்கடி, ஆனால் வந்துவிடுகிறது. 2012ல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போதும் சமவெளியில் ஐஎல்ஆர்கள் தாக்குப்பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன். நான்காவது இடம் வேறு கதை. மின்கம்பி காட்டு வழியாகப் போகிறது. மரம் விழுந்தால் இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள். அதை அப்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டோம்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. வெப்பநிலை எல்லை மீறினால் எஸ்எம்எஸ் அனுப்பும் கருவி ஓர் இடத்தில் ஏற்கெனவே இருந்தது. ஒழுங்காக அனுப்பிக்கொண்டும் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் மாற்றலாகிப் போன மருந்தாளுநரின் எண்ணுக்கு.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது இது எதுவும் இல்லை. பெட்டி கெட்டுப்போனால் அன்றைக்கு என்ன நடக்கும் என்பதுதான்.

குளிர் சங்கிலி வேலையில், அதாவது தடுப்பூசியைக் கடைசி வரை குளிர் குறையாமல் கொண்டு சேர்க்கும் வேலையில், இருப்பவர்கள் பெட்டி கெட்டுப்போவதை ‘சிக்னெஸ்’ என்றுதான் சொல்வார்கள். மாவட்டத்தில் எந்த நேரத்திலும் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் பெட்டிகள் படுத்துக் கிடக்கக் கூடாது என்பது கணக்கு. அதற்காகவே ‘ஃப்ளோட்’ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. மாவட்டக் கிடங்கில் உதிரிப் பெட்டிகளும் ஸ்டெபிலைசர்களும் தயாராக இருக்கும். ஒன்று கெட்டால் அங்கேயே உட்கார்ந்து பிரித்து மேய்வதில்லை. நல்லதை இறக்கி வைத்துவிட்டுக் கெட்டதைத் தூக்கி வந்து பட்டறையில் சாவகாசமாகப் பார்ப்பார்கள். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வருகிற மாதிரி.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணிக்கு மலைமேல் இருந்து மருந்தாளுநர் அம்மா கூப்பிட்டார். ராத்திரி இடி இடித்ததில் ஸ்டெபிலைசர் கருகிவிட்டது, பெட்டி ஓடவில்லை. மறுநாள் புதன், தடுப்பூசி நாள். “மூடியைத் திறக்காதீங்கம்மா, அப்படியே விடுங்க” என்று மட்டும் சொன்னேன். மெக்கானிக் பதினொரு மணிக்கு ஜீப்பில் ஏறினார். ஸ்டெபிலைசரோடு, இருக்கட்டும் என்று ஒரு ஐஎல்ஆரையும் கயிற்றில் கட்டி எடுத்துப் போனார். மூன்றரைக்கு அவரே கூப்பிட்டார்: “ஸ்டெபிலைசர் மட்டும்தான் சார் போச்சு, மாத்திட்டேன். உள்ள நாலு டிகிரி.” ஒரு குப்பிகூட வீணாகவில்லை. மறுநாள் செவிலியர்கள் வழக்கம்போல் கிளம்பிப் போனார்கள்.

இப்போது சோலார். நான்காவது இடத்தில் வைத்து ஒன்றேகால் வருடம் ஆனபோது ஒரு நாள் கம்ப்ரசர் கிளம்பவில்லை. கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னியது. எங்கள் மெக்கானிக் இருபது வருட அனுபவக்காரர். விளக்கையே பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “இது என்ன பாஷை பேசுதுன்னு தெரியலை சார்” என்றார். அது டிசி கம்ப்ரசர், அவர் கைப்பழக்கம் முழுக்க ஏசி. விற்றவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். வாரண்டி இருந்தது, மரியாதையாகவும் பேசினார்கள். ஆனால் அவர்களுடைய ஆள் வேறு மாநிலத்தில் இருந்தார். அவர் வர ஒரு முறை, பார்த்துவிட்டு எழுதிக்கொடுத்த பலகை வர ஒரு முறை, மாட்ட ஒரு முறை என்று ஒன்றரை மாதம் போயிற்று. அந்த ஒன்றரை மாதமும் ஒவ்வொரு செவ்வாயும் மாலைப் பேருந்தில் கோல்டு பாக்ஸில் தடுப்பூசி மேலே போகும், வியாழன் காலை மிச்சம் கீழே வரும். நடத்துநருக்கு அந்தப் பெட்டிக்கு லக்கேஜ் போடலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு வாரமும் சந்தேகம்.

இரண்டு பெட்டியும் கெட்டது. ஒன்று ஆறரை மணி நேரத்தில் எழுந்தது, மற்றது ஒன்றரை மாதத்தில். சோலார் மட்டமான சாமான் என்பதால் இல்லை. மாவட்டத்தில் ஐஎல்ஆர் மற்ற எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கிறது, சோலார் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஒன்றே ஒன்று இருக்கும் சாமானுக்கு யாரும் உதிரி வாங்கி வைப்பதில்லை, யாருக்கும் பயிற்சி தருவதில்லை, அதன் கோளாறு என்னவென்று இன்னொருவரிடம் கேட்கவும் வழியில்லை. மதிப்பீட்டுப் படிவத்தில் தரம், விலை, உத்தரவாதம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. ‘இதே சாமான் மாவட்டத்தில் இன்னும் எத்தனை?’ என்று ஒரு கட்டம் இல்லை. நாங்கள் பேனாவில் கோடு போட்டு அதைச் சேர்த்தோம். அந்த ஒரு கட்டம்தான் மூன்று இடங்களின் தலையெழுத்தை எழுதியது.

பணம் வருகிற வழியும் இதே பக்கம்தான் இழுக்கிறது. வாங்குவதற்கு ஒரு தலைப்பில் நிதி வரும். பராமரிப்பு வேறு தலைப்பு, அது எப்போதும் இளைத்துப் போய்த்தான் வரும். ஐஎல்ஆர் பராமரிப்பு மெக்கானிக்கின் சம்பளத்துக்குள் அடங்கிவிடும். சோலாருக்குத் தனியாக ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட வேண்டும். அந்தத் தொகை விலைப்புள்ளியின் பதினொன்றாம் பக்கத்தில், ‘கூடுதல் விருப்பத் தேர்வுகள்’ என்ற தலைப்புக்குக் கீழே இருந்தது. நன்கொடையாக வரும் சோலார் பெட்டிகளிலும் இதையே தேடிப் பாருங்கள். பெட்டி இலவசம், ஒப்பந்தம் உங்கள் தலையில்.

அப்புறம் ஐஸ்பேக். இதை இரண்டு கோப்பிலும் யாரும் எழுதவில்லை. செவிலியர் கிராமத்துக்குத் தடுப்பூசி கொண்டுபோகும் கேரியரில் நான்கு ஐஸ்பேக் வைக்க வேண்டும். அவற்றை உறைய வைத்து, எடுத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கிற வரை வெளியே வைத்திருந்து, அதன் பிறகுதான் அடுக்குவார்கள். ஐஎல்ஆர் பக்கத்தில் எப்போதும் ஒரு டீப் ஃப்ரீசர் நிற்பது இதற்காகவே. எங்களுக்குக் காட்டிய சோலார் மாடல் வெறும் குளிர்பெட்டி, ஐஸ்பேக் உறையாது. அப்படியென்றால் டீப் ஃப்ரீசருக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் வேண்டும் என்றால் சோலார் எதற்கு? ஐஸ்பேக்கும் உறையவைக்கும் சோலார் மாடல்கள் உண்டு, விலை இன்னும் ஏறும், ஒரு நாளில் உறைவதும் கொஞ்சம்தான்.

கூரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேனலில் தூசியும் பறவை எச்சமும் படியும், துடைக்க வேண்டும். யார் துடைப்பது என்று யாருடைய வேலைப் பட்டியலிலும் இல்லை. பல்நோக்குப் பணியாளர் ஒருவர் மனமுவந்து ஒத்துக்கொண்டார். அப்போதுதான் தெரிந்தது, அந்தப் பழைய கட்டடத்துக்கு மாடிப்படியே கிடையாது. பொருத்த வந்தவர்கள் சாரம் கட்டி ஏறி, வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். குரங்கு கேபிளை இழுத்ததை இதோடு சேர்க்கவில்லை, மலையில் குரங்கு எதைத்தான் இழுக்கவில்லை.

ஐஎல்ஆர் ஜெயிக்காத இடமும் இருக்கிறது. நாளுக்கு 8 மணி நேரம் கரண்ட் உறுதியாகக் கிடைக்காத இடத்தில், மின்கம்பியே போகாத இடத்தில், சோலாரைத் தவிர வேறு வழி இல்லை. எங்கள் நான்காவது இடத்துக்கு மறுபடி முடிவெடுக்கச் சொன்னாலும் சோலார்தான் எழுதுவேன். அந்த ஒன்றரை மாதத்தைக் கழித்துவிட்டால் அது ஒழுங்காகவே ஓடியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மலையை மேகம் மூடிக்கொள்ளும்போது மூன்று நாள் தாங்குமா என்று பயந்தேன். மூடிய வானத்திலும் பேனல் கொஞ்சம் இழுக்கத்தான் செய்கிறது. நோட்டில் ஒரு முறைதான் ஏழரை டிகிரி வரை ஏறியிருக்கிறது.

புயலில் எது தேவலை என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. 2018 நவம்பரில் கஜா வந்தபோது டெல்டா மாவட்டங்களில் சில ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த இடத்தில் சோலார் இருந்திருந்தால் உதவியிருக்கும். தென்னை மரத்தையே முறித்த காற்றில் பேனல் கூரையில் இருந்திருக்குமா என்பதும் ஒரு கேள்வி. பகலில் மிஞ்சும் சோலார் மின்சாரத்தைப் பிரசவ அறை விளக்குக்கு எடுக்கும் வசதி புது மாடல்களில் வந்திருக்கிறது. நான் ஓட்டிப் பார்த்ததில்லை. அது உண்மையாகவே வேலை செய்தால் என் கணக்கு கொஞ்சம் மாறக்கூடும். என் அனுபவம் ஒரு சோலார் பெட்டி, மூன்று வருடம், அவ்வளவுதான். ஒரே மாவட்டத்தில் முப்பது சோலார் பெட்டிகளை வைத்து, இரண்டு மெக்கானிக்குகளுக்கு டிசி கம்ப்ரசர் கற்றுக்கொடுத்து, உதிரிப் பலகைகளையும் கிடங்கில் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் அவர் சொல்வதை என் பேச்சுக்கு மேலே வையுங்கள்.

இந்த முறை ஃபோன் செய்தவரிடம் ஒப்பந்தத்தில் மூன்று விஷயத்தைச் சேர்க்கச் சொன்னேன். ஓர் உதிரிக் கட்டுப்பாட்டுப் பலகை பெட்டியோடேயே வர வேண்டும். பொருத்த வரும் ஆள் மாவட்ட மெக்கானிக்கை இரண்டு நாள் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும், அதோடு சேர்த்தே சிவப்பு விளக்கு எத்தனை முறை மின்னினால் என்ன கோளாறு என்பதைத் தமிழில் எழுதிப் பெட்டி மேல் ஒட்ட வேண்டும். அவர் எழுதிக்கொண்டே, “மூணாவது என்ன சார்?” என்றார்.

“ஏணி” என்றேன்.