மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் தமிழ்ப் பாடத்தைத் திறந்து பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில், சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வுக்கான தமிழும் கணிதமும் கற்பித்து வருகிறேன். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின், பாடக்குறிப்புகளையும் பயிற்சிகளையும் மூடுல் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் ஏற்றி வந்தோம். (‘மூடல்’ என்று எழுதாதீர்கள், அபசகுனம் என்று மாணவர்கள் கேலி செய்வதுண்டு.) சர்வரையும் பராமரிப்பையும் மாதம் 90 ரிங்கிட்டுக்கு ஒருவரிடம் ஒப்படைத்திருந்தேன், அவர் தரும் ஒவ்வொரு ரசீதிலும் ‘தினசரி பேக்கப்’ என்றொரு வரி தவறாமல் இருக்கும்.

சர்வரின் வன்தட்டு பழுதானபோது, தளத்தை மீட்டுத்தர 600 ரிங்கிட் கேட்டார். பேக்கப்புக்கும் சேர்த்துத்தானே மாதாமாதம் கட்டினோம் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்; தேர்வு நெருங்கிய பதற்றத்தில் பாதியை முன்பணமாகக் கொடுத்தேன். நான்காம் நாள் மடிக்கணினியுடன் வந்து, நுழைவுப் பக்கம், மாணவர் பட்டியல், மலாயில் இருந்த கணித வினாக்கள் எல்லாவற்றையும் காட்டினார். “எல்லாம் வந்துடுச்சு சார்” என்றார். மீதியையும் கொடுத்து அனுப்பினேன். அன்றிரவு ஒரு மாணவி அழைத்து, “சார், தமிழ்ப் பாடத்துல வெறும் கேள்விக்குறியா இருக்கு” என்றாள்.

மலாய் எழுத்துகள் ரோமன் எழுத்துகள் என்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. தரவுத்தளத்தை எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 முறையில் எடுக்காமல், ரோமன் எழுத்துகளுக்கு மட்டுமேயான லத்தீன்-1 முறையில் ஏற்றுமதி செய்திருந்ததால், அந்த முறையில் இடமே இல்லாத தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றும் பேக்கப் எடுக்கும்போதே கேள்விக்குறியாகிவிட்டன. எழுத்துகள் விநோதக் குறிகளாகச் சிதைந்திருந்தால் சில வேளைகளில் திருத்த முடியும். கேள்விக்குறியாக மாறிய பின் பழைய எழுத்தின் தடயமே அந்தக் கோப்பில் இருக்காது.

அதைவிடப் பெரிய இழப்பு பிறகுதான் தெரிந்தது. மூடுலை முழுமையாக மீட்க தரவுத்தளம், மூடுல்டேட்டா கோப்புறை, நிரல் கோப்புறை ஆகிய மூன்றும் வேண்டும். நாம் ஏற்றும் பிடிஎஃப்கள் அவற்றின் பெயரில் சேமிக்கப்படுவதில்லை. உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் நீண்ட குறியீட்டைப் பெயராகக் கொண்டு மூடுல்டேட்டாவுக்குள் கிடக்கும், எது எந்தப் பாடத்துக்குரியது என்ற விவரம் மட்டுமே தரவுத்தளத்தில் இருக்கும். அவர் இத்தனை காலமும் தரவுத்தளத்தை மட்டுமே நகலெடுத்திருக்கிறார். ஆகவே கோப்புகளின் பெயர்கள் பட்டியலில் தெரிந்தன, சொடுக்கினால் எதுவும் திறக்கவில்லை. எழுத்து மட்டுமே கொண்ட வினாக்களாகப் பொறுக்கி எனக்குக் காட்டியது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கேட்டதற்கு, “பேக்கப்ல இருந்ததைத்தான் சார் போட முடியும்” என்றார். அதன்பின் அழைப்பை எடுப்பதில்லை. இப்படி யாரிடமாவது பணம் கட்டி வருபவர்கள், அந்த மூன்றும் நகலெடுக்கப்படுகின்றனவா என்று கேளுங்கள். அதோடு நில்லாமல், ஒரு நகலை வேறு சர்வரில் ஏற்றி, தமிழ்ப் பக்கம் ஒன்றையும் ஒரு பிடிஎஃப்பையும் உங்கள் கையாலேயே திறந்து பாருங்கள்.

படிவம் நான்கு பாடத்தை எப்போதோ எம்பிஇசட் கோப்பாக (ஒரு பாடத்தை முழுதாகப் பொதியும் மூடுலின் நகல் கோப்பு) என் கணினியில் இறக்கி வைத்திருந்தேன். அது அப்படியே மீண்டது. படிவம் ஐந்துக்குரியதை மாணவர்களின் கைப்பேசிகளில் கிடைத்த படங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். 5,000 ரிங்கிட் வரையிலான சிறு கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தொடுக்கலாம் என்பதால், ரசீதுகளையும் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன்.