வடலூர் தருமச்சாலை: பிள்ளைகளோடு போய்வந்த அனுபவம்

பசியைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர எங்கே கூட்டிப்போகலாம் என்று கேட்கிற ஆசிரியர்களுக்கு என் பதில், பசித்து வந்தவர்க்கெல்லாம் சோறு போட வள்ளலார் தொடங்கிய வடலூர் சத்திய தருமச்சாலை. போன மாதம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 32 பேரோடு பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வேனில் போய்வந்தோம்.

முந்தின வருடம் வேறொரு இல்லத்துக்குப் போயிருந்தோம், பெயர் வேண்டாம். பிள்ளைகள் கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்து, வாங்க வந்த பெரியவர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரோடும் படம் எடுக்கச் சொன்னார்கள். ஒரு தாத்தா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் பள்ளியில் சத்துணவு சாப்பிடுகிறவர்கள், பசி என்னவென்று அதில் சிலருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அந்தப் பிள்ளைகளைக் கொண்டுபோய் இப்படி நிறுத்திவிட்டோமே என்று வீடு வரும்வரை மனசு ஆறவில்லை.

வடலூரில் அந்தப் பேச்சே இல்லை. வந்தவர் யாராக இருந்தாலும் பந்தியில் உட்கார வேண்டியதுதான், சாதி, மதம், ஊர் எதுவும் கேட்பதில்லை. 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது, மூன்று வேளையும் சோறு போடுகிறார்கள். இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, அந்த அடுப்புக்கு முன்னால் நிற்பது வேறு. நீளமான அடுப்பு, உள்ளே விறகு கனன்றுகொண்டிருக்கிறது, மேலே அண்டா அண்டாவாகச் சோறு. "தாது வருஷப் பஞ்சத்தப்பவும் இதே அடுப்புதானா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். ஆமாம், 1876-ல் பஞ்சம் வந்தபோது இது மூட்டி ஒன்பது வருடம் ஆகியிருந்தது என்றேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஒரு விஷயம். பக்கத்தில் இருக்கும், வள்ளலார் நிறுவிய வழிபாட்டு இடமான சத்திய ஞான சபையில், கொலையும் புலாலும் தவிர்த்தவர்தான் உள்ளே வரலாம் என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு ஒரு பையன் தயங்கித் தயங்கி, "நான் கறி சாப்பிடுவேன் சார், எனக்குச் சோறு போடுவாங்களா?" என்றான். அந்த நிபந்தனை சபைக்கு மட்டும்தான், பசித்து வந்தவரிடம் அதையெல்லாம் கேட்கக்கூடாது என்பதுதான் வள்ளலாரின் எண்ணம் என்று விளக்கினேன். வகுப்பில் ஒரு மாதம் பாடம் நடத்தினாலும் இது இவ்வளவு தெளிவாகப் புரிந்திருக்காது.

அதே பையன் பந்தியில் ஒரு பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். சோறு, சாம்பார், ரசம். இரண்டாவது தடவை கேட்கக் கூச்சப்பட்டு விரலால் தட்டைத் தடவிக்கொண்டிருந்தவனைப் பார்த்துவிட்டு, "இந்தாப்பா, பேரனுக்கு இன்னும் ரெண்டு கரண்டி போடு" என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுச் சொன்னது அந்தப் பாட்டிதான். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அவரும் எழுந்திருக்கவில்லை.

வெறுங்கையோடு போக வேண்டாம் என்று ஒரு வாரமாகப் பிள்ளைகள் வீட்டிலிருந்து தினம் ஒரு பிடி அரிசி கொண்டுவந்து சேர்த்தார்கள். புழுங்கல், பச்சை, ரேஷன் அரிசி எல்லாம் கலந்து முக்கால் மூட்டை வந்தது. யார் வீட்டு அரிசி எது என்று தெரியாதபடி ஒரே சாக்கில் கட்டிக் கொடுத்தோம். நீங்களும் இப்படியே செய்யுங்கள், பணமாக வசூலித்தால் கொடுக்க முடியாத பிள்ளை தலைகுனியும்.

தைப்பூசத்தை ஒட்டிப் போகாதீர்கள், கூட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியாது, மாதப் பூசத்தையும் தவிர்ப்பது நல்லது. சாதாரண வார நாளில் காலையிலேயே போய், சபையைப் பார்த்துவிட்டு மதியப் பந்திக்கு வாருங்கள். அடுப்படியில் அனலும் புகையும் உண்டு, இழுப்பு உள்ள பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். நேரம் இருந்தால் வள்ளலார் கடைசியாக வாழ்ந்த மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தையும் பார்க்கலாம், பக்கம்தான். நாங்கள் போகவில்லை. பிள்ளைகள் பந்தியை விட்டு எழுந்ததும் கூட்டிப் பெருக்குகிறோம் என்று நின்றுவிட்டார்கள், மணி மூன்றாகிவிட்டது.