பழுதான பழைய கார்: ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டா, மியோசாவா?

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற கார் அசைய மறுத்துவிட்டது. கியர்பாக்ஸ். வாங்கி ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. கொடுத்த விலை 85,000 ராண்ட். சரிசெய்ய 18,400 ஆகும் என்று ஒர்க்‌ஷாப்பில் எழுதிக் கொடுத்தார்கள். டீலரிடம் போனேன். நான் கையெழுத்துப் போட்ட தாளைத் திருப்பி வைத்து, கீழே இருந்த ஒரு வரியைக் காட்டினார்: ஃபூட்ஸ்டூட்ஸ். இருக்கிறபடியே வாங்கிக்கொண்டேன் என்று பொருள்.

மூன்று மாதம் கழித்து என் மச்சானுக்கும் இதே தொல்லை. வேறு டீலர், 140,000 ராண்ட் கார், வங்கிக் கடன். எஞ்சின் கொதித்து ஹெட் கேஸ்கட் போனது. நான் சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போனேன்; அவர் மியோசா என்கிற தென்னாப்பிரிக்க மோட்டார் தொழில் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது புகார்களைக் கேட்டுத் தீர்த்துவைக்கும் அமைப்பிடம் போனார். இரண்டு வழியையும் அருகிலிருந்து பார்த்ததால் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் கார் இல்லாமல் வேலைக்கும் போக முடியாது, பிள்ளையைப் பள்ளியில் விடவும் முடியாது. சேமித்த பணத்தை ஒரு பழைய காரில் போட்டு ஏமாந்த குடும்பங்கள் சட்டம் தெரியாமல் வாய் மூடி இருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

முதலில் அந்த ஃபூட்ஸ்டூட்ஸ். டீலரிடம் வாங்கிய காருக்கு அது செல்லாது. 2011-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் சட்டம், கார் கைக்கு வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்கு உத்தரவாதம் தருகிறது. அதற்குள் குறை தெரிந்தால், சரிசெய்து தா, வேறு தா, பணத்தைத் திருப்பித் தா என்ற மூன்றில் எது வேண்டும் என்று சொல்வது வாங்கியவர்தான், டீலர் அல்ல. சரிசெய்து கொடுத்த பின் 3 மாதத்துக்குள் மறுபடி கோளாறு வந்தால், டீலர் மாற்றுக் கார் தரவேண்டும் அல்லது பணம் தரவேண்டும். பக்கத்துத் தெருக்காரர் தன் சொந்தக் காரை விற்றால் கதை வேறு. அவர் வியாபாரி இல்லை, அங்கே ஃபூட்ஸ்டூட்ஸ் நிற்கும்.

இதில் டீலருக்கும் ஒரு கதவு உண்டு. "மூன்றாவது கியரில் சத்தம் வரும்" என்று குறிப்பாகச் சொல்லி, நீங்களும் தெரிந்தே ஒப்புக்கொண்டிருந்தால், அந்தக் குறைக்காகப் பிறகு கேட்க முடியாது. பொதுவாக "பழைய கார்தானே" என்று சொன்னது போதாது. ரோட்வொர்த்தி சான்றிதழைக் காட்டி வாயடைக்கவும் பார்ப்பார்கள். பிரேக், டயர், விளக்கு, ஸ்டீயரிங் என்று சாலைப் பாதுகாப்பைப் பார்த்துத் தரும் தாள் அது. கியர்பாக்ஸ் எத்தனை நாள் உழைக்கும் என்று அதில் எழுதியிருக்காது.

இனி எந்த வாசல் என்ற கேள்வி. என் கருத்தில் ஒன்றே ஒன்றை முடிவு செய்தால் போதும்: உங்களுக்கு வேண்டியது பழுதுபார்க்கும் செலவா, அல்லது காரையே திருப்பிக் கொடுத்துவிட்டு முழுப் பணமா?

செலவு மட்டும் போதும், தொகையும் 20,000 ராண்டுக்குள் என்றால் ஸ்மால் கிளெய்ம்ஸ். அந்த வரம்பு 2019 ஏப்ரல் 1-இல் 15,000-இலிருந்து உயர்ந்தது. கொஞ்சம் கூடினால் மிச்சத்தை விட்டுக்கொடுத்து வரம்புக்குள் கொண்டுவரலாம், ஆனால் விட்ட தொகை விட்டதுதான். என் கணக்கு 18,400-உடன் காரை இழுத்துச் சென்ற கூலி 1,100 சேர்த்து 19,500. முதலில் டீலருக்கு, 14 நாள் கெடு வைத்துக் கோரிக்கைக் கடிதம் கொடுக்க வேண்டும். கையில் கொடுத்துப் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்கலாம், பதிவுத் தபாலிலும் அனுப்பலாம். கெடு தீர்ந்ததும் கோர்ட் கிளார்க்கிடம் போனால் சம்மன் எழுத உதவுவார், அதற்குக் கட்டணம் இல்லை. சம்மனை நாமே கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஷெரிஃப் என்கிற கோர்ட் அலுவலர் மூலம் அனுப்பினால் மட்டும் செலவு.

இங்கேதான் நான் கிட்டத்தட்ட தவறியிருப்பேன். கடையின் பலகையில் இருக்கும் பெயர் வேறு, சட்டப்படி காரை விற்ற கம்பெனியின் பெயர் வேறு. பலகைப் பெயரை மட்டும் சம்மனில் எழுதினால், தீர்ப்பு கிடைத்த பிறகு யாரிடம் வசூலிப்பது என்ற சிக்கல் வரும். கிளார்க் அம்மா என் தாளைப் பார்த்துவிட்டு, "இன்வாய்ஸைக் கொண்டுவா மகனே" என்றார். பதிவு எண்ணோடு உண்மையான பெயர் அதில் இருந்தது.

விசாரணை மாலையில். விசாரித்தவர் கமிஷனர், இவர்கள் சட்டம் படித்தவர்கள், சம்பளம் வாங்காமல் இந்தப் பணியைச் செய்பவர்கள். டீலர் ஒரு வக்கீலை அழைத்து வந்திருந்தார். வக்கீல் பேச இங்கே அனுமதி இல்லை, கம்பெனியின் சார்பில் அதன் இயக்குநரோ பொறுப்பாளரோதான் பேச வேண்டும். கல்லூரிப் படிப்பு இல்லாத என்னைப் போன்றவனுக்கு இதைவிட நியாயமான தரை கிடையாது என்று அன்று நினைத்தேன். கமிஷனர் கேட்டது மூன்று: குறை எப்போது தெரிந்தது, டீலருக்கு எப்போது எழுத்தில் சொன்னாய், அதற்கு முன் யாராவது கியர்பாக்ஸைத் திறந்தார்களா? மூன்றாவது கேள்விதான் பலரைக் கவிழ்க்கிறது. டீலர் கையை விட்டுப் போன பிறகு மாற்றப்பட்ட பொருளுக்கு அந்த உத்தரவாதம் நிற்காது. தெரிந்த மெக்கானிக் அண்ணன் நல்ல எண்ணத்தில் கழற்றிப் பார்த்தாலும், "இவர்தான் கெடுத்தார்" என்று சொல்ல டீலருக்கு இடம் கிடைத்துவிடும். நான் கழற்றாமல் சோதித்த அறிக்கை மட்டும் வாங்கியிருந்தேன். 18,400 கிடைத்தது. இழுவைக் கூலிக்கு ரசீது இல்லாததால் அந்த 1,100 போனது.

இந்தக் கோர்ட்டின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். தோற்றால் மேல்முறையீடு இல்லை. நடைமுறையில் பெரிய பிழை இருந்தால் மறுஆய்வு கேட்கலாம், அவ்வளவுதான். வென்றும் டீலர் பணம் கட்டாவிட்டால், மாஜிஸ்திரேட் கோர்ட், ஷெரிஃப் என்று மறுபடி அலையவேண்டும். இன்னொன்று, நுகர்வோர் சட்டத்தின் 69-ஆம் பிரிவு. மற்ற வழிகளை முடித்துவிட்டுத்தான் கோர்ட்டுக்கு வரவேண்டும் என்று டீலர் அதைக் காட்டி வாதிடலாம். கோர்ட்டுக்குப் போகும் உரிமையை அந்தப் பிரிவு பறிப்பதாக எளிதில் கொள்ளக் கூடாது என்ற கருத்தை உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் ஒரு கார் வழக்கில் சொன்னது. அதே தீர்ப்புதான், எல்லாச் சின்னக் குறையும் சட்டம் சொல்லும் "குறைபாடு" ஆகாது என்றும் சொன்னது. கதவுக் கைப்பிடி ஆடுகிறது என்று காரைத் திருப்பித் தர நினைப்பவர்கள் அதை மனத்தில் வைக்கவேண்டும்.

மச்சானுக்கு வேண்டியது வேறு. "அண்ணா, எனக்கு இந்தக் கார் மேல இருந்த நம்பிக்கையே போயிடுச்சு. எடுத்துக்கிட்டுப் பணத்தைக் குடுக்கட்டும்," என்றார். 140,000 ராண்டை ஸ்மால் கிளெய்ம்ஸ் தொட முடியாது. அவருக்கு மியோசாதான் சரி. நுகர்வோர் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்பு, புகார் கொடுப்பவருக்குச் செலவில்லை, தொகை சிறிதா பெரிதா என்ற தடையும் இல்லை. ஆனால் முதலில் டீலருக்கு எழுதி, தீர்க்க வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். மாலையில் போய் நேருக்கு நேர் பேசும் இடம் இல்லை இது. எல்லாம் தாளில்: வாங்கிய ஒப்பந்தம், சோதனை அறிக்கை, கார் ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரின் படம், டீலருடன் நடந்த கடிதப் போக்குவரத்து. வாட்ஸ்அப்பில் பேசியதைத் தேதியோடு அச்செடுத்து வைத்தது மச்சானுக்குப் பெரிய துணையாக இருந்தது.

மியோசா தருவது பரிந்துரை, கோர்ட் ஆணை அல்ல. டீலர் மறுத்தால் விஷயம் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கும், அங்கிருந்து தேசிய நுகர்வோர் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். தீர்ப்பாயத்துக்குப் பல் உண்டு: ஆண்டு விற்றுமுதலில் 10 விழுக்காடு அல்லது 10 லட்சம் ராண்ட், இரண்டில் எது பெரிதோ அதுவரை அபராதம் போடலாம். கார் இல்லாத நாட்களின் வாடகைக் கார் செலவு போன்ற நஷ்டஈட்டை மட்டும் அது தராது. அதற்குத் தீர்ப்பாயத்தின் சான்றிதழோடு சிவில் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும்.

வக்கீல் வைத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போவது மூன்றாவது வழி. மாவட்ட அளவில் 200,000, வட்டார அளவில் 400,000 ராண்ட் வரை கேட்கலாம். பழைய கார் விவகாரத்தில் வக்கீல் கூலியே காரின் விலையைத் தின்றுவிடும் என்பதால் இதை யாருக்கும் முதலில் சொல்லமாட்டேன். இழுத்துக்கொண்டே போகாமல் இருப்பதும் முக்கியம்: இப்படிப்பட்ட பணக் கோரிக்கைகள் பொதுவாக 3 ஆண்டில் காலாவதியாகிவிடும்.

கடனில் வாங்கியவர்களுக்கு ஒரு சொல். கோபத்தில் தவணையை நிறுத்தாதீர்கள். கடன் தீரும்வரை காரின் உரிமை வங்கியிடம்தான். டீலருடன் உள்ள சண்டைக்காகத் தவணை தவறினால், கார் பறிபோகும், கடன் வரலாற்றிலும் கறை விழும். மச்சானின் டீலர் கடைசியில் மியோசாவின் பரிந்துரையை ஏற்று காரை எடுத்துக்கொண்டார். கடன் கணக்கு மூடப்பட்டது என்று வங்கியின் கடிதம் கையில் வந்த நாள்வரை அவர் மாதாமாதம் தவணையைக் கட்டிக்கொண்டே இருந்தார்.